பூட்டு தொங்குகிறதா? நிம்மதியாகத் தூங்குங்கள்

வடக்கனந்தலில் மாடி அறையில் உட்கார்ந்தபடியே, மும்பையில் இருக்கும் ஒரு சர்வரை உலகத்துக்கே திறந்துவிட முடியுமா? அதுவும் கதவில் பூட்டு தொங்கத் தொங்க? முடியும். பெரிய படிப்பு தேவையில்லை. பாதி வேலையை நீங்கள் ஏற்கெனவே முடித்து வைத்திருப்பீர்கள். மீதியை இன்று சேர்ந்து முடிப்போம். என் வழியைப் பின்பற்றியவர் ஒருவர்கூட இதுவரை தோற்றதில்லை.

தேவையானவை: மாத வாடகைக்கு எடுத்த ஓர் உபுண்டு சர்வர். கொரோனா காலத்தில் பெங்களூரிலிருந்து ஊருக்கு வந்து, 'ஒர்க் ஃப்ரம் ஹோம்' என்று சொல்லி அப்படியே தங்கிவிட்ட நீங்கள். உரக்கடை வைத்திருக்கும் ஒரு தாய்மாமன்.

மாமா இல்லாமல் இது நடக்காது. யூரியா எத்தனை மூட்டை, டிஏபி எத்தனை மூட்டை, யார் எப்போது கடனுக்கு எடுத்துப்போனார், கரும்புப் பணம் வந்ததும் தருகிறேன் என்று எத்தனை முறை சொன்னார், அவருடைய போன் நம்பர் என்ன, இதெல்லாம் மாமாவின் கடன் நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டு இருப்பது கல்லாவுக்குக் கீழே, சாவி மாமாவின் இடுப்பில். இப்படி ஒரு தகவல் எவன் கையிலும் சிக்காமல் முப்பது வருடம் கிடப்பது உங்களுக்குப் பொறுக்காது. "மாமா, இதை கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம், போன்லயே பாத்துக்கலாம்" என்று சொல்லி வேலையைத் தொடங்குங்கள்.

1. முதலில் பூட்டைப் போடுங்கள்

சர்வர் கைக்கு வந்த உடனே யூஎஃப்டபிள்யூவை இயக்குங்கள். 2008இலிருந்து உபுண்டுவோடு சேர்ந்தே வரும் ஃபயர்வால். 'சிக்கலில்லாதது' என்று பெயரிலேயே இருக்கிறது. தன்னைத்தானே அப்படிச் சொல்லிக்கொள்கிற ஒன்றை இன்னொரு முறை சோதித்துப் பார்ப்பது மரியாதை இல்லை. வெளியிலிருந்து வருவது எல்லாவற்றையும் மறுக்கச் சொல்லி ஒரு கட்டளை. 22, 80, 443 மூன்றுக்கும் மட்டும் வழிவிடச் சொல்லி மூன்று கட்டளை. பிறகு நிலவரத்தைக் கேளுங்கள். 'ஸ்டேட்டஸ்: ஆக்டிவ்' என்று வரும்.

அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்று முதல் உங்கள் பாதுகாப்பு ஏற்பாடு அந்தப் படம்தான்.

2. டாக்கரை இறக்குங்கள்

இணையத்திலிருந்து ஒரு ஸ்கிரிப்டை இறக்கி, திறந்தும் பார்க்காமல், ரூட் அதிகாரத்தில் ஓட்டுங்கள். டாக்கர் 2013இல் வந்தது. இத்தனை வருடத்தில் அதை யாராவது படித்திருப்பார்கள்.

டாக்கர் வந்து குடியேறும்போது சர்வரின் ஐபிடேபிள்ஸ் விதிகளுக்குள் தன் விதிகளைத் தானே எழுதிக்கொள்ளும். உங்களைக் கேட்காது. கேட்டிருந்தாலும் 'ஒய்' தட்டியிருப்பீர்கள். யூஎஃப்டபிள்யூ உட்கார்ந்திருப்பதும் அதே ஐபிடேபிள்ஸ் மேல்தான். ஒரே சர்வே எண்ணுக்கு இரண்டு பேர் பெயரில் பட்டா. இது நம் பக்கத்தில் புதிதா என்ன? யாருடைய வேலி முன்னால் நிற்கிறதோ அவர் பக்கம் தீர்ப்பு. அது யார் என்பதை ஐந்தாவது படியில் பார்ப்போம்.

3. போர்ட்டை வெளியிடுங்கள்

மாமாவின் நோட்டுக்கு மூன்று கன்டெய்னர் போதும்: முன்னால் ஒரு வலைப்பக்கம், நடுவில் நிரல், பின்னால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். இப்போது கம்போஸ் கோப்பில் தரவுத்தளத்துக்குக் கீழே '5432:5432' என்று ஒரு வரி சேருங்கள்.

ஏன் என்று கேட்காதீர்கள். எல்லா எடுத்துக்காட்டிலும் அந்த வரி இருக்கிறது, அதனால் உங்களிடமும் இருக்க வேண்டும். நிரலும் தரவுத்தளமும் ஒரே கம்போஸ் வலையில் இருந்தால் ஒன்றையொன்று பெயர் சொல்லியே கூப்பிட்டுக்கொள்ளும். வெளியே ஒரு போர்ட்டும் திறக்க வேண்டியதில்லை. இந்த விஷயம் காதில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்படியிலிருந்து கூடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோக யாராவது தெருக்கதவைத் திறந்து வைப்பார்களா என்று எவனாவது கேட்டால், "டீபக்கிங்குக்கு வேணும்" என்று சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் கேட்க எவனுக்கும் தைரியம் வராது.

போர்ட்டுக்கு முன்னால் ஐபி முகவரி எதுவும் எழுதாதீர்கள். எழுதாமல் விட்டால் டாக்கர் 0.0.0.0 என்று எடுத்துக்கொள்ளும். அதாவது சர்வரில் இருக்கிற எல்லா முகவரியிலும், எந்த வழியாக யார் வந்தாலும் வரவேற்பு. 'பப்ளிஷ்' என்ற சொல்லுக்குப் பொருள் பிரசுரிப்பதுதானே. பிரசுரித்துவிட்டு யாரும் படிக்கக் கூடாது என்று எதிர்பார்க்கும் எழுத்தாளர்கள் தமிழில்கூட இல்லை.

4. பாஸ்வேர்டு

போஸ்ட்கிரெஸ் பாஸ்வேர்டு இல்லாமல் எழுந்திருக்காது, அடம்பிடிக்கும். 'போஸ்ட்கிரெஸ்' என்றே கொடுத்து வாயை அடையுங்கள். கூடவே ரெடிஸோ மோங்கோவோ வைத்திருந்தால், ரெடிஸ் இன்னும் நல்ல பிள்ளை. பாஸ்வேர்டு வைக்காத ரெடிஸ் வெளியாளிடம் பேசாமல் இருக்க 2016இல் 'பாதுகாப்பு முறை' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். டாக்கருக்கான அதிகாரபூர்வ இமேஜில் மற்ற கன்டெய்னர்களோடு பேச வசதியாக அதை அணைத்தே வைத்திருக்கிறார்கள். மோங்கோவில் நீங்களாகப் பயனர் பெயர் கொடுத்தால் ஒழிய கேள்வியே கிடையாது. போர்ட்டை வெளியிடாதவனுக்கு இதெல்லாம் வசதி. வெளியிட்ட உங்களுக்கு வரப்பிரசாதம்.

5. இன்னொரு பூட்டும் போடுங்கள்

இந்தப் படியை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். நம் கலையின் உச்சம் இதுதான்.

இரவு பதினொரு மணிக்கு உங்களுக்கு ஒரு சின்னச் சந்தேகம் வரும். 5432 வெளியே தெரியுமோ? உடனே யூஎஃப்டபிள்யூவுக்குப் போய் '5432ஐ மறு' என்று தனியாக ஒரு விதி எழுதுங்கள். நிலவரம் கேளுங்கள். '5432 டினை' என்று பளிச்சென்று தெரியும். விளக்கை அணைத்துவிட்டுப் படுங்கள்.

அந்த விதி உண்மையிலேயே அங்கே இருக்கிறது. விழிப்பாகக் காவல் காக்கிறது. ஆனால் அது நிற்கிற பாதையில் ஒரு பாக்கெட்டும் வருவதில்லை.

புரிய வேண்டுமென்றால் கோமுகி அணைக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். கல்வராயன் மலையில் மழை பிடித்தால் கல்படை, பொட்டியம் ஆறுகள் வழியாக அணைக்குத் தண்ணீர் வரும். 46 அடி அணை. பாதுகாப்புக்காக 44 அடி வரை தேக்குவார்கள். திறந்துவிடும்போது தண்ணீர் இரண்டு வழியாகப் போகும். ஆற்றில் இறங்கி வழியிலுள்ள அணைக்கட்டுகளைத் தொட்டுப் பழைய ஆயக்கட்டுக்குப் போவது ஒன்று. அணையிலேயே முதன்மைக் கால்வாயில் திரும்பிப் புதிய ஆயக்கட்டுக்குப் போவது மற்றொன்று. இப்போது உங்கள் பங்காளியின் வயலுக்குத் தண்ணீர் போகக் கூடாது என்று தீர்மானித்து, ஆற்றில் இருக்கிற அணைக்கட்டில் ராத்திரி முழுக்கத் தடியோடு நிற்கிறீர்கள். பங்காளியின் வயலோ முதன்மைக் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிறது. தண்ணீர் மேலேயே திரும்பிவிட்டது. காலையில் அவன் வயல் நிரம்பியிருக்கும். உங்கள் தடியும் நனையாமல் இருக்கும்.

சர்வருக்குள்ளும் இதே கதைதான். வெளியிலிருந்து வரும் பாக்கெட் முதலில் நுழைகிற இடம் ப்ரீரௌட்டிங். அங்கே டாக்கர் உட்கார்ந்துகொண்டு, சர்வரின் 5432ஐத் தேடி வந்தவனின் சேருமிடத்தை அழித்து, '172.18.0.2, போர்ட் 5432' என்று கன்டெய்னரின் முகவரியை எழுதிவிடும். 2019 நவம்பரில் ஒரே நாளில் நம் கடிதங்களில் விழுப்புரம் மாவட்டம் போய்க் கள்ளக்குறிச்சி மாவட்டம் வந்ததே, அந்த மாதிரி. அதற்குப் பிறகுதான் கெர்னல் எந்தப் பாதை என்று முடிவு செய்கிறது. சர்வருக்கே வந்த பாக்கெட் என்றால் இன்புட் சங்கிலி. சர்வர் வழியாக வேறு எங்கோ போகிற பாக்கெட் என்றால் ஃபார்வர்ட் சங்கிலி. முகவரி மாறிப்போன நம் பாக்கெட் 'வேறு எங்கோ' போவதாக ஆகி ஃபார்வர்டில் நுழையும். நீங்கள் எழுதிய 'மறு' விதி நிற்பது இன்புட்டில்.

ஃபார்வர்டிலும் யூஎஃப்டபிள்யூவுக்கு ஓர் இடம் உண்டு என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். உண்டுதான், வரிசையின் கடைசியில். டாக்கர் தன் விதிகளை அந்த வரிசையின் தலையில் செருகிக்கொள்கிறது. டாக்கர் 'போகலாம்' என்று சொன்ன பாக்கெட் யூஎஃப்டபிள்யூவின் முகத்தையே பார்க்காது. ரேஷன் கடை வரிசையில் நின்று பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ரெட்ஹாட் வகை சர்வர் வைத்திருப்பவர்கள் 'எங்களிடம் ஃபயர்வால்டி இருக்கிறது' என்று காலரைத் தூக்கிவிட வேண்டாம். அங்கே டாக்கர் தன் பெயரிலேயே ஒரு மண்டலம் அமைத்து, அதற்கு 'ஏற்றுக்கொள்' என்று குணமும் கொடுத்து, தன் வலைகளை அதில் சேர்த்துவிடும்.

இதில் ரகசியம் எதுவுமில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. டாக்கரும் யூஎஃப்டபிள்யூவும் ஒத்துப்போகாது என்று டாக்கரின் சொந்த ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் ஆவணம் எதையும் படிக்கக் கூடாது என்கிறேன்.

6. உள்ளே நின்றுகொண்டே சோதியுங்கள்

சோதிக்காமல் இருப்பது உத்தமம். மனசு கேட்காவிட்டால் சர்வருக்குள்ளேயே நுழைந்து, அங்கிருந்து சர்வரைத் தட்டிப் பாருங்கள். திறந்தால், "உள்ளேருந்து தட்டினா திறக்கத்தானே செய்யும்" என்று சொல்லிக்கொள்ளுங்கள். திறக்காவிட்டால், "பாத்தியா, பூட்டியிருக்கு" என்று சொல்லிக்கொள்ளுங்கள். எது நடந்தாலும் மனம் அமைதியாகும் ஒரே சோதனை இதுதான்.

எந்தெந்த நிரல் எந்தெந்தப் போர்ட்டில் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று பட்டியல் கேட்டால் 'டாக்கர்-ப்ராக்ஸி' என்று ஒரு வரி, பக்கத்திலேயே 0.0.0.0:5432 என்று எழுதி வரும். அந்த வரியை மட்டும் கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

சின்னசேலத்தில் இருக்கிற நண்பனைக் கூப்பிட்டு, "உன் மொபைல் டேட்டாவில் இந்த முகவரியின் 5432 திறக்குதான்னு பாருடா" என்று கேட்டால் அரை நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். ஆகையால் அவனோடு சினிமா மட்டும் பேசுங்கள்.

7. 'நம்ம கிட்ட என்ன இருக்கு?'

இதை ஒரு நாளைக்கு மூன்று வேளை சொல்லுங்கள். வடக்கனந்தல் ஒரு பேரூராட்சி. அதில் ஓர் உரக்கடை. அதை எவன் தேடிக்கொண்டு வரப்போகிறான்?

தேடிக்கொண்டு எவனும் வருவதில்லை, நிஜம்தான். ஐபிவி4இல் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் செய்த ஸீமேப் என்ற கருவி, ஒரே கணினியிலிருந்து, நல்ல இணைய வேகத்தில், அவற்றில் பொதுவெளி முகவரி அத்தனையிலும் ஒரு குறிப்பிட்ட போர்ட்டை 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். நீங்கள் பேருந்தில் கள்ளக்குறிச்சி போய்ச் சேர்ந்து ஒரு டீ குடிப்பதற்குள் உலகம் முழுவதும் ஒரு சுற்று முடிந்துவிடும். தட்டுகிறவன் கதவில் எழுதிய பெயரைப் படிப்பதில்லை. உங்கள் முகவரி மும்பையில் ஒரு வரிசை எண். பக்கத்து எண் ஒரு வங்கியாக இருக்கலாம், இன்னொரு உரக்கடையாகவும் இருக்கலாம். அவனுக்கு எல்லாம் ஒன்றுதான். சாதி, மதம், ஊர் பார்க்காத சமத்துவத்தை இணையத்தில் தேடுகிறவர்கள் இங்கே கண்டுகொள்ளலாம்.

8. பிரச்சினை தெரிந்துவிட்டதா? பெரிய சுத்தியலை எடுங்கள்

சில துரதிர்ஷ்டசாலிகளுக்கு இந்த இடத்தில் உண்மை தெரிந்துவிடும். பதற்றம் வேண்டாம். தீர்வையே அடுத்த பிரச்சினையாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

டாக்கரின் அமைப்புக் கோப்பில் 'ஐபிடேபிள்ஸ்: ஃபால்ஸ்' என்று எழுதி சர்வரை மறுபடி தொடங்குங்கள். இனி டாக்கர் தன் விதிகளில் பெரும்பாலானவற்றை எழுதாது. நல்லதுதானே? இதுவரை கன்டெய்னர்கள் வெளியுலகோடு பேச, அவற்றின் உள்முகவரியை மறைத்துச் சர்வரின் முகவரியைப் போட்டு அனுப்பியதும் அந்த விதிகளே. அதுவும் போய்விட்டது. கடன்காரர்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்புகிற உங்கள் நிரல் ஊமையாகிவிடும். எதற்கு ஊமையானது என்று ஒரு வாரம் எஸ்எம்எஸ் கம்பெனிக்குப் போன் போட்டுத் திட்டுங்கள்.

யூஎஃப்டபிள்யூ இப்போது நிஜமாகவே வேலை செய்யும். அது ஒரு குறைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஈடு இருக்கிறது. விதிகள் போனதும் வெளியிட்ட போர்ட்டுகளை அந்த டாக்கர்-ப்ராக்ஸிதான் வாங்கி உள்ளே கொடுக்கும். வருகிறவன் ரஷ்யாவிலிருந்து வந்தாலும் ராசிபுரத்திலிருந்து வந்தாலும், கன்டெய்னரின் கண்ணுக்கு எல்லாரும் 172.18.0.1 என்ற உள்வலை வாசலிலிருந்து வந்தவர்களாகவே தெரிவார்கள். பதிவேட்டில் பத்தாயிரம் வரி, எல்லாம் ஒரே முகவரி. அந்தப் பதிவேட்டைப் படித்துத் தப்பு செய்கிறவனைத் தடைசெய்ய ஃபெயில்2பேன் வைத்திருக்கிறீர்களா? அற்புதம். அது கடமை தவறாமல் 172.18.0.1ஐப் பிடித்துத் தடைப் பட்டியலில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும். திருடன் யார் என்று இதை வைத்து ஒருநாளும் சொல்ல முடியாது.

(ஐபிடேபிள்ஸை அணைக்காதவர்கள் ஏமாற்றமடைய வேண்டாம். அங்கே ஃபெயில்2பேன் சரியான ஆளைப் பிடிக்கும். வழக்கமாகத் தடை விதியை இன்புட்டில் எழுதும். அவன் கால்வாய் வழியாக வந்துகொண்டே இருப்பான்.)

9. டாக்கர்-யூசர் சங்கிலியைக் கண்டுபிடியுங்கள், தப்பாக எழுதுங்கள்

இந்தக் குழப்பத்துக்கென்றே டாக்கர் 17.06 பதிப்பிலிருந்து ஒரு சங்கிலியை விட்டுவைத்திருக்கிறது: டாக்கர்-யூசர். உங்கள் விதிகளை இங்கே எழுதலாம், டாக்கர் தன் விதிகளுக்கு முன்னால் இதைப் பார்க்கும். முறையான வழி. அதனாலேயே தவறுக்கு இடம் அதிகம்.

முதல் தவறு: சர்வரின் 8080ஐக் கன்டெய்னரின் 80க்கு வெளியிட்டிருக்கிறீர்கள் என்றால், 'போர்ட் 8080 வந்தால் தள்ளு' என்று எழுதுங்கள். பொருந்தவே பொருந்தாது. இந்தச் சங்கிலிக்கு வரும்போது முகவரி மாற்றம் முடிந்து, பாக்கெட்டின் நெற்றியில் 80 என்று இருக்கும். பழைய எண்ணை வைத்துப் பிடிக்க வேண்டுமென்றால் கான்ட்ராக் பக்கம் போய் 'ஆரம்பத்தில் கேட்ட போர்ட்' எது என்று விசாரிக்க வேண்டும். அவ்வளவு தூரம் யார் போவது?

இரண்டாவது தவறு: கோபத்தில் 'எல்லாவற்றையும் தள்ளு' என்று ஒரே வரி எழுதுங்கள். ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் உரையாடலின் பதில்களை உள்ளே விடச் சொல்லும் வரியை அதற்கு முன்னால் எழுதாதீர்கள். கன்டெய்னர் வெளியே கேட்ட கேள்விக்கு வந்த பதிலையும் வாசலிலேயே திருப்பி அனுப்புவீர்கள்.

மூன்றாவது: வலைத்தளத்தில் பார்த்த விதியில் 'ஈத்0' என்று இருக்கும். உங்கள் சர்வரில் அந்த இடைமுகத்தின் பெயர் 'இஎன்எஸ்3'. மாற்றாமல் அப்படியே ஒட்டுங்கள். தப்பு என்று எந்தச் செய்தியும் வராது. இல்லாத வீட்டு வாசலில் காவல் நிற்க ஐபிடேபிள்ஸுக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை.

நான்காவது, என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ள ஆசை, ஆனால் எல்லாரும் செய்வதுதான்: எல்லாம் சரியாக எழுதிவிட்டால், சேமிக்காதீர்கள். அடுத்த ரீபூட்டில் போய்விடும். அல்லது டாக்கர் எழுதியதையும் சேர்த்து மொத்தமாகச் சேமித்துவிடுங்கள். சர்வர் எழுந்ததும் போன மாதம் செத்துப்போன கன்டெய்னரின் முகவரிக்கு வழிகாட்டும் விதிகளும் சேர்ந்தே எழுந்து நிற்கும்.

10. எளிய வழிகளை நெருங்கவிடாதீர்கள்

'5432:5432' என்ற வரியை அழித்துவிட்டால் எல்லாம் முடிந்தது. அப்படிச் செய்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. அழிக்காதீர்கள்.

'127.0.0.1:5432:5432' என்று எழுதினால் சர்வருக்குள் இருப்பவர் மட்டும்தான் தொட முடியும். நீங்கள் எஸ்எஸ்எச் சுரங்கம் போட்டு டீபக்கிங்கும் செய்துகொள்ளலாம். எழுதாதீர்கள். 'டாக்கர் 28க்கு முந்தைய பதிப்புகளில் ஒரே உள்வலையில் இருக்கிற பக்கத்து மெஷின் அதையும் தொட முடிந்ததாமே' என்று காரணம் காட்டுங்கள். அது உண்மைதான். பதிப்பை உயர்த்தினால் சரியாகிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லாதீர்கள்.

சர்வர் வாடகைக்குக் கொடுத்தவரின் கன்ட்ரோல் பேனலில் வெளி ஃபயர்வால் ஒன்று இருக்கக்கூடும். அது சர்வருக்கு வெளியே நிற்கிறது, டாக்கரின் கை அங்கே எட்டாது. அணையில் நின்று யோசிக்காமல் கல்படையிலேயே தண்ணீரை மறிக்கிற மாதிரி. அந்தப் பக்கத்தைத் திறக்கவே திறக்காதீர்கள். ரூட் இல்லாத பாட்மேனும் வேண்டாம். அதில் சாதாரண நிரல் ஒன்று போர்ட்டைத் திறந்து உட்காருவதால் பாக்கெட் இன்புட் வழியாக வந்து யூஎஃப்டபிள்யூவிடம் மாட்டிக்கொள்ளும்.

11. டாக்கரின் சாவியையே தொங்கவிடுங்கள்

இது வரை வந்தவர்களுக்கு மேற்படிப்பு. ஒவ்வொரு முறையும் சர்வருக்குள் போய்க் கட்டளை அடிப்பது அலுப்பு. உங்கள் லேப்டாப்பிலிருந்தே டாக்கரை ஆட்டிவைக்க, அதன் ஏபிஐயைச் சான்றிதழ் எதுவும் இல்லாமல் 2375 போர்ட்டில் வெளியே கொடுங்கள். இந்தப் போர்ட்டைப் பிடித்தவர், சர்வரின் மொத்த வட்டையும் உள்ளே கோத்த ஒரு கன்டெய்னரை எழுப்பி, நேராக ரூட் ஆகிவிடலாம்.

ஒரு தடங்கல் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இது கன்டெய்னரின் போர்ட் அல்ல, டாக்கர் தானே சர்வரில் உட்கார்ந்து கேட்கிற போர்ட். பாக்கெட் ஒழுங்காக இன்புட் வழியாக வரும். பாவம், யூஎஃப்டபிள்யூ இந்த ஓர் இடத்தில் தன் வேலையைச் செய்து தடுத்துவிடும். ஆகவே 'யூஎஃப்டபிள்யூ அலவ் 2375' என்று நீங்களே உங்கள் கையால் திறந்துவிடுங்கள்.

திறந்த வீட்டுக்கு ஆள் வந்த வரலாறு உண்டு. இப்படிக் காவலில்லாமல் கிடந்த டாக்கர்களைப் பிடித்துப் பரவி, மொனேரோ நாணயம் தோண்டிய கிராபாய்ட் என்ற புழுவை 2019இல் பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். 2,000க்கு மேற்பட்ட டாக்கர்களில் அது குடியிருந்தது. அடுத்த ஆண்டு அதே கதவில் கின்சிங் என்ற தீநிரல்.

12. விருந்தாளி வந்த பிறகு

எப்படித் தெரியும்? சர்வர் மும்பையில் இருக்கிறது, கரண்ட் போகாது, விளக்கு மங்காது. போஸ்ட்கிரெஸில் சூப்பர் யூசராக நுழைந்தவர் அங்கிருந்தே கன்டெய்னருக்குள் கட்டளைகளை ஓட்டலாம், 9.3 பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது. உள்ளே நாணயம் தோண்டத் தொடங்கினால் சிபியு நூறு சதவீதத்தில் நிற்கும். "மாமாவுக்கு வியாபாரம் பெருகிடுச்சு" என்று மகிழ்ந்து, இன்னும் பெரிய சர்வருக்கு மாறுங்கள்.

இல்லையென்றால் ஒரு காலையில் அட்டவணைகள் எல்லாம் காணாமல் போய், பிட்காயின் கேட்டு ஒரு சீட்டு மட்டும் இருக்கும். 2017 ஜனவரியில் உலகமெங்கும் திறந்து கிடந்த மோங்கோக்களில் இந்தச் சீட்டுதான் ஆயிரக்கணக்கில் விழுந்தது. பணம் கொடுத்தாலும் தகவல் திரும்பி வரும் என்று நம்பாதீர்கள். பல இடத்தில் அவர்கள் நகல் எடுத்து வைக்கவே இல்லை, அழித்ததோடு சரி. 2020 ஜூலையில் வந்தவர்கள் அதைவிட நேர்மையானவர்கள். பணமே கேட்கவில்லை. தகவலை அழித்துவிட்டு அந்த இடத்தில் 'மியாவ்' என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

இது போன்ற ஊடுருவலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று ஆணையிட்டது. ஓர் உரக்கடை அதில் வருமா வராதா என்று விவாதித்தே அந்த ஆறு மணி நேரத்தைக் கடத்துங்கள். பதிவேட்டில் இருப்பது 172.18.0.1 மட்டும்தான், அதை 180 நாள் அல்ல, ஆயுள் முழுக்க வைத்திருக்கலாம். பேக்கப்? அது அதே சர்வரில், அதே தரவுத்தளத்தில், 'பேக்கப்' என்ற பெயரில் இன்னோர் அட்டவணையாக இருந்ததே, அதுவும் போயிற்று.

இனி ஒரு வேலைதான் பாக்கி. கடைக்குப் போய் மாமாவிடம் சொல்வது. யூஎஃப்டபிள்யூ படத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். பூட்டு தொங்கியது, ஆனால் தண்ணீர் கால்வாயில் போய்விட்டது, டாக்கர் மேல் தப்பு, யூஎஃப்டபிள்யூ மேல் தப்பு, வெளிநாட்டுக்காரன் யாரோ மொத்தக் கடன் நோட்டையும் படித்துவிட்டான் என்று மூச்சு விடாமல் சொல்லி முடியுங்கள். மாமா எடை மெஷினிலிருந்து மூட்டையை இறக்கி வைப்பார். துண்டால் முகத்தைத் துடைப்பார். கல்லாவுக்குக் கீழே குனிந்து, நீங்கள் தூக்கிப் போடச் சொன்ன பழைய நோட்டை எடுத்து, தூசி தட்டி மேஜைமேல் வைப்பார்.

"மாப்ள, படிச்சவன் எவனா இருந்தா என்னா," என்பார். "எல்லாப் பேரும் போன் நம்பரோட வச்சிருக்கான்ல? வசூல் பண்ணித் தருவானான்னு கேளு."